மூத்த குடிமக்கள் சங்கத்தில் சேரலாமா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது, அறுபதைத் தாண்டியவர்கள் சந்தா கட்டிச் சேரும் சங்கம். சேரலாமா, சேர்ந்தால் என்ன கிடைக்கும், பணம் போய்விடுமா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சேர்வதால் பலன் உண்டா?

தள்ளுபடிக்காகச் சேர்ந்தால் இல்லை. ஆளுக்காகச் சேர்ந்தால் உண்டு. கருவூலத்திலோ, வங்கியிலோ, கோட்டாட்சியர் அலுவலகத்திலோ எந்த மேஜையில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் உங்களோடு வந்து நிற்பார். நல்ல சங்கத்தின் முதல் பயன் அதுதான். இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லையென்றால் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், அது இரண்டாவது. மற்றதெல்லாம் டீயும் சுண்டலும்.

காரியம் பார்க்கப் பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்து, பேச்சுத்துணைக்குக் கோயில் மண்டபமோ டீக்கடை பெஞ்சோ இருப்பவருக்குச் சங்கம் கட்டாயமில்லை. சேராவிட்டால் குடி முழுகாது.

எத்தனை வகைச் சங்கங்கள் இருக்கின்றன? எதில் சேர வேண்டும்?

துறைவாரியான ஓய்வூதியர் சங்கங்கள் ஒரு வகை: ஆசிரியர், மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், தபால், ரயில்வே, வங்கி என்று தனித்தனியாக இருக்கும். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய மூத்த குடிமக்கள் சங்கங்கள் இன்னொரு வகை. மூன்றாவதாக, காலை நடைப்பயிற்சியில் கூடுபவர்கள் அமைத்துக்கொண்ட குழுக்கள். இவை பெரும்பாலும் பதிவு செய்யப்படாதவை, சந்தாவும் பெயரளவுக்குத்தான். ‘சீனியர் கார்டு’ என்று விற்கும் தனியார் கம்பெனிகளைச் சங்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வியாபாரம்.

பென்ஷன் வாங்குபவர் முதலில் தன் துறைச் சங்கத்தில் சேர்வது நல்லது. கருவூலம் வழியாகப் பென்ஷன் பெறும் ஆசிரியருக்கு உள்ள விதி, இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் வாங்கும் சர்க்கரை ஆலைத் தொழிலாளிக்குப் பொருந்தாது. உள்ளூர்ப் பொதுச் சங்கத்தில் இரண்டும் தெரிந்தவர் இருந்தால் அதிர்ஷ்டம்.

பென்ஷன்தான் மாதாமாதம் வந்துவிடுகிறதே, ஓய்வூதியர் சங்கம் எதற்கு?

வருகிற வரை எதற்கும் இல்லைதான். நின்ற மாதம்தான் தேவைப்படும். நிற்பதற்கு முதல் காரணம், உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று போய்ச் சேராதது. மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும், 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். இ.பி.எஃப். பென்ஷனுக்குக் கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். தமிழக அரசு ஓய்வூதியருக்கு, ஆண்டுதோறும் அவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல். மூன்று பேரும் ஒரே தெருவில் இருந்தால் ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் குழம்புவார்.

கைரேகை வைப்பதில் இன்னொரு தொல்லை. வயலில் வேலை செய்த கையிலும், வயதான கையிலும் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. இதற்கு முகம் காட்டும் முறை இருக்கிறது. செல்போனில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்.டி.’, ‘ஜீவன் பிரமாண்’ ஆகிய இரண்டு செயலிகளும் வேண்டும். செய்து தருபவர் முதலில் தன் ஆதாரைப் பதிந்து, பிறகு ஓய்வூதியரின் ஆதார் எண், பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கொடுத்து முகத்தைப் படம்பிடிப்பார். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் எடுக்காது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் முகத்தில் படும்படி திண்ணையில் உட்காருங்கள், கண்ணை மெதுவாக இமைக்கச் சொல்லும்போது இமையுங்கள். இல்லையென்றால் தபால்காரரையே வீட்டுக்கு வரவழைக்கலாம், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வழியாக இதற்குப் பொதுவாக 70 ரூபாய்.

பலர் கோட்டை விடுவது அடுத்த படியில். குறுஞ்செய்தியில் பிரமாண் எண் (சான்றின் எண்) வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது சான்று உருவானதற்கு மட்டும் அடையாளம். பென்ஷன் ஆணை எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், பென்ஷன் வழங்கும் அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேறொன்றை அமுக்கியிருந்தாலும், வங்கியோ கருவூலமோ அதை நிராகரிக்கும். ஒரு வாரம் கழித்து ஏற்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நல்ல சங்கச் செயலாளர் இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருப்பார்: பெயர், சான்று கொடுத்த தேதி, ஏற்கப்பட்ட தேதி. மூன்றாவது கட்டம் காலியாக இருப்பவருக்கு அவரே போன் செய்வார். சேரப்போகும் சங்கத்தில் அந்த நோட்டு உண்டா என்று கேளுங்கள்.

அரசு ஓய்வூதியருக்கு 80 வயது நிறைந்ததும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, 90-ல் 40. பிறந்த தேதி பதிவேட்டில் சரியாக இருந்தால் தானாக வரும். ‘ஆண்டு மட்டும்’ பதிவாகியிருக்கும் பழைய ஆட்களுக்குத் தானாக வராது. கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியது) பிடித்தம் 15 ஆண்டில் நிற்க வேண்டும் என்பதையும் சங்கத்துக்காரர்தான் நினைவுபடுத்துவார்.

இந்தச் சங்கங்களால் பெரிதாக எதையாவது சாதிக்க முடிந்திருக்கிறதா?

1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் தீர்ப்புச் சொன்னது: ஓய்வு பெற்ற தேதியைக் காட்டி ஓய்வூதியரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் தாராளக் கணக்குப் போடக்கூடாது. அந்த வழக்கில் மனுதாரர்களில் ஒன்று ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு. ஓய்வூதியர் ஒவ்வொருவரும் கோர்ட் படி ஏற முடியாது, அவர்களுக்காக அமைப்பு வரலாம் என்பதையும் நீதிமன்றம் ஏற்றது. இன்றும் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். ஆனால் இது மாநில, தேசிய அளவுச் சங்கங்களின் வேலை. உங்கள் ஊர்க் கிளையிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்.

அப்பாவுக்குத்தான் பென்ஷன். அம்மா எதற்குச் சங்கத்துக்குப் போக வேண்டும்?

அம்மாதான் முதலில் போக வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் ஓய்வு பெற்ற ஆண்களின் கூட்டமாகவே இருக்கின்றன, அது அவற்றின் பெரிய குறை. கணவர் இறந்த பிறகு தாளை எடுத்துக்கொண்டு அலைவது மனைவி. பென்ஷன் புத்தகத்தில் ‘கமலா’, ஆதாரில் ‘கமலாம்பாள் கோ.’, ரேஷன் கார்டில் ‘கமலம்’ என்று இருந்தால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் இழுபடும். பழைய ஆணைகள் சிலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்தோடு திருத்துவது சுலபம். பிறகு வாரிசுச் சான்று, பிரமாண வாக்குமூலம் என்று நீளும்.

தமிழக அரசு ஓய்வூதியருக்குக் குடும்பப் பாதுகாப்பு நிதி என்று மாதம் 150 ரூபாய் பிடிக்கிறார்கள். அவர் இறந்தால் குடும்பத்துக்கு 50,000 ரூபாய். பணம் யாருக்கு என்று நாமினி நியமனம் செய்த தாளும் பென்ஷன் புத்தகமும் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன என்று அம்மாவுக்குத் தெரியுமா? வருடத்தில் ஒரு கூட்டத்தையாவது துணைவியரோடு நடத்தி இந்தத் தாள்களைச் சரிபார்க்கும் சங்கம் உருப்படியான சங்கம்.

பென்ஷனே இல்லாத விவசாயக் கூலிக்கு இதனால் என்ன லாபம்?

உள்ளதைச் சொன்னால், ஓய்வு பெற்ற வாத்தியார்களின் சங்கம் அவருக்குப் பெரிதாக உதவுவதில்லை. டெல்டாவில் அந்த வேலையை நெடுங்காலமாக விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் செய்துவருகின்றன, அங்கே போவது மேல். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். மனு தள்ளுபடியாகும்போது பெரும்பாலும் கண்ணில் படுவது ஆதாரில் வயது குறைவு, ரேஷன் கார்டில் சம்பாதிக்கும் மகன் பெயர், விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தபோது வீட்டில் ஆள் இல்லை ஆகிய மூன்றும்தான். நடவுக் காலத்திலும் அறுப்பிலும் விண்ணப்பித்தால் மூன்றாவது நிச்சயம் நடக்கும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் வீட்டுக்கே வருகிறது, அதற்குச் சங்கத்தின் முகாம் தேவையில்லை.

பிள்ளைகள் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு கவனிக்கவில்லை. சங்கம் தலையிடுமா?

தலையிடலாம், சட்டமே இடம் கொடுக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி 60 வயதானவர் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். தானே கொடுக்க முடியாத நிலையில் இருந்தால், அவர் அனுமதித்த வேறொருவரோ, பதிவு பெற்ற தொண்டு அமைப்போ அவர் சார்பில் கொடுக்கலாம். ‘பதிவு பெற்ற’ என்ற சொல் இங்கே முக்கியம். நடைப்பயிற்சிக் குழுவால் இது முடியாது.

கோட்டங்கள் இவை: தஞ்சாவூர் மாவட்டத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை. திருவாரூர் மாவட்டத்தில் திருவாரூர், மன்னார்குடி. நாகையில் நாகப்பட்டினம், வேதாரண்யம். மயிலாடுதுறையில் மயிலாடுதுறை, சீர்காழி. உங்கள் தாலுகா எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அங்கே போக வேண்டும். வக்கீல் இல்லாமலே நடத்தும்படி வகுத்த சட்டம் இது. வெள்ளைத் தாளில் எழுதிய மனு, வயதுக்கும் முகவரிக்கும் சான்று, பிள்ளைகளின் முகவரி, எழுதிக்கொடுத்த பத்திரத்தின் நகல் ஆகியவற்றோடு போங்கள். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை விதிக்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் 30 நாள் நீட்டலாம். நோட்டீஸைப் பிள்ளைகள் வாங்காமல் திருப்பி அனுப்புவதால்தான் இழுக்கும். முகவரி சரியாகக் கொடுப்பதில் பாதி வேலை இருக்கிறது. தீர்ப்பு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு.

நிலத்தைத் திரும்பப் பெறுவது 23-ஆம் பிரிவு. ‘என்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, அது மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். தான செட்டில்மெண்டில் ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்ற வழக்கமான வரி மட்டும் இருந்து, பராமரிப்பு நிபந்தனை ஒரு வரிகூட இல்லாதபோது வழக்குச் சிக்கலாகிறது. பத்திர எழுத்தரிடம் போகும் முன் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லும் ஒருவர் சங்கத்தில் இருந்தால் அவருக்காகவே சந்தா கட்டலாம்.

வீட்டில் அடி உதை, பட்டினி என்றால் கூட்டம் வரும் வரை காத்திருக்காதீர்கள். 14567 என்ற முதியோர் உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை எடுக்கும்.

சங்க அட்டையைக் காட்டினால் பஸ், ரயில் சலுகை உண்டா?

இல்லை. ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. மிச்சம் இருப்பது கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் பதியும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போட்டாலோ, பேரனையும் சேர்த்துப் போட்டாலோ அது வராது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எப்படியும் கட்டணமில்லை. லேப், மருந்துக்கடைத் தள்ளுபடி சில சங்கங்கள் வாங்கித் தருகின்றன. பேரம் பேசினால் சங்கம் இல்லாமலும் கிடைக்கக்கூடியதுதான்.

அமெரிக்காவில் ஏ.ஏ.ஆர்.பி. என்று முதியோருக்கான பெரிய சங்கம் இருக்கிறதாமே, அதைப் போல இங்கே இல்லையா?

இல்லை. அது 1958-இல் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் தொடங்கியது. 50 வயதில் முழு உறுப்பினராகலாம். காப்பீட்டு நிறுவனங்கள் அதன் பெயரைப் பயன்படுத்தக் கொடுக்கும் தொகைதான் அதன் வருமானத்தில் பெரும்பங்கு, தள்ளுபடிகளும் அந்த வழியில் வருபவை. நம்மூர்ச் சங்கத்துக்கு அப்படி வருமானம் கிடையாது. வாத்தியார்கள் தொடங்கியது என்பது மட்டும்தான் பொது.

மரண நிவாரண நிதி வைத்திருக்கிறார்கள். சேரலாமா?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 200 உறுப்பினர், ஒரு சாவுக்குத் தலைக்கு 100 ரூபாய் என்றால் அந்தக் குடும்பத்துக்கு 20,000. வருடத்துக்கு நாலு சாவு என்றால் நீங்கள் கட்டுவது 400. ஐந்தாறு வருடத்தில் எல்லோருக்கும் வயது கூடிச் சாவு பன்னிரண்டானால் 1,200. அப்போது சிலர் விலகுவார்கள். 120 பேராகக் குறைந்தால் கிடைப்பது 12,000. கடைசியில் இருப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. புதிதாக அறுபது வயதுக்காரர்கள் வருடாவருடம் சேர்ந்தால்தான் இது ஓடும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி: போன வருடம் எத்தனை பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், அவர்களின் வயது என்ன? காரியச் செலவுக்குக் கைகொடுக்கும் மொய் என்று நினைத்துச் சேரலாம், காப்பீடு என்று நினைக்க வேண்டாம்.

சங்கமே வட்டி தருகிறேன் என்று டெபாசிட் வாங்கினால் அன்றே விலகிவிடுங்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட்டுகளை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஆயுள் சந்தா கட்டிவிடலாமா?

முதல் இரண்டு வருடம் வேண்டாம். ஆண்டுச் சந்தா 200, ஆயுள் சந்தா 2,000 என்றால் பத்து வருடம் சங்கமும் நீங்களும் இருந்தால்தான் லாபம். ஆயுள் சந்தாவை வங்கியில் போட்டு வட்டியை மட்டும் செலவு செய்யும் சங்கம் நிற்கும். அதையே ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கும் சங்கம் புதிய ஆயுள் உறுப்பினரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

சேருவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பணம் கட்டாமல் ஒரு மாதக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். ரசீதிலும் லெட்டர்பேடிலும் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ்ப் பதிவு செய்தது என்று சொன்னால், கடைசியாக எந்த ஆண்டின் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தார்கள் என்று கேளுங்கள். பதிவு எண் இருந்தும் பல வருடம் தாக்கல் செய்யாத சங்கங்கள் உண்டு. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். செயலாளர் நல்லவராகவே இருந்தாலும், எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தால் அவர் படுத்த அன்று சங்கமும் படுத்துவிடும். அவருக்கு உதவியாக ஒரு இணைச் செயலாளர் வேலை பழகுகிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது இடம். மாடிப்படி ஏற வேண்டுமா, கழிப்பறை மேற்கத்திய வகையா, மைக் தெளிவாகக் கேட்கிறதா, கூட்டம் முடியும்போது உங்கள் ஊருக்கு பஸ் உண்டா? கல்யாண மண்டபத்தில் நடத்துபவர்கள் முகூர்த்த நாளில் இடம் இல்லாமல் கூட்டத்தைத் தள்ளிப்போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகை பாதியாகும். அந்த இரண்டு மாதமும் போனிலாவது விசாரிக்கும் ஏற்பாடு உண்டா என்று கேட்டுவையுங்கள்.

கூட்டத்தில் கட்சி, சாதி அரசியல் வருமா?

வரும். மேடையில் யாருக்கு மாலை என்பதைப் பார்த்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தேர்தல் முறையாக நடக்கிற சங்கத்தில் சத்தம் அதிகம், ஆனால் கணக்கு வெளியே வரும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அப்பாவைச் சேர்த்துவிடலாமா?

அவர் சம்மதித்தால் மட்டும். ஆன்லைனில் சந்தா கட்டிவிட்டு ‘சேர்த்துவிட்டேன்’ என்றால் அவர் ஒருநாளும் போகமாட்டார். நீங்கள் ஊருக்கு வரும்போது முதல் கூட்டத்துக்கு அழைத்துப் போய், பக்கத்துத் தெரு உறுப்பினர் ஒருவரை அறிமுகம் செய்துவையுங்கள். செயலாளரிடம் இரண்டு போன் எண் கொடுங்கள்: உங்களுடையது ஒன்று, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வரக்கூடிய சொந்தக்காரருடையது ஒன்று. மாத்திரைப் பெயர், ரத்த வகை, பார்க்கும் டாக்டர், காப்பீட்டு எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினால் 108-இல் வருபவர்களுக்கு உதவும்.

சங்க வாட்ஸ்அப் குழுவில் வரும் ‘பென்ஷன் நிற்கப்போகிறது, இந்தச் செயலியை இறக்குங்கள்’ வகைச் செய்தியைத் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

எங்கள் ஊரில் சங்கமே இல்லை. தொடங்குவது கஷ்டமா?

பதிவுக்கு ஏழு பேர் போதும். நோக்கம், துணை விதிகள், நிர்வாகிகள் பட்டியல் ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். விதிகளில் செயலாளரின் பதவிக் காலத்துக்கு வரம்பையும், சங்கம் கலைந்தால் பணம் எங்கே போகும் என்பதையும் எழுதிவிடுங்கள், பின்னால் சண்டை அங்கேதான் வரும். ஆனால் ஆறு மாதம் பதிவில்லாமல் கூடிப் பாருங்கள். பெருமாள் கோயில் மண்டபமோ, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் பள்ளி வகுப்பறையோ போதும். ஆறாவது கூட்டத்துக்கும் பதினைந்து பேர் வந்தால் பதிவுக்குப் போகலாம். முதல் நோட்டு வாங்கும்போதே அந்த மூன்று கட்டங்களைக் கோடு போட்டுவிடுங்கள்: பெயர், சான்று கொடுத்த தேதி, ஏற்கப்பட்ட தேதி.